கட்டுமானப் பொருள்களும் தண்ணீரும்

வீடு கட்டத் தொடங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பெயர்களைப் பற்றியவை. எந்த நிறுவனத்தின் சிமெண்டு நல்லது, எந்தக் கம்பி உறுதியானது, செங்கல்லா, காற்றறைகள் நிறைந்த ஏஏசி கல்லா என்றுதான் பேச்சு தொடங்கும். கட்டட வேலைகளை மேற்பார்வையிடுவதே என் தொழில் என்பதால், இவற்றுக்கெல்லாம் ஒரே சொல்லில் விடை கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதும் இயல்பே. ஆனால், ஒரு பொருளின் பெயரையும் விலையையும் விசாரிப்பதற்கு முன்னால், அது தண்ணீரைக் கண்டால் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. நான் பார்த்த வரையில், நம் ஊர் வீடுகளில் பாரம் தாங்காமல் கெட்டவை மிகக் குறைவு. சுவரில் ஓதம் ஏறியும், உப்புப் பூத்தும், கம்பி துருப்பிடித்தும், மேல்தளம் ஒழுகியும் கெட்டவையே அதிகம். ஆகவே இந்தப் பதிவில் வீடு கட்டுவதற்கு வேண்டிய முதன்மையான பொருள்களைத் தண்ணீரை அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன்.

செங்கல் தண்ணீரைக் குடிக்கும் பொருள். எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நன்கு உலர்ந்த செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து எடுத்தால், அதன் எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1077 கூறுகிறது, வலிமை மிகுந்த உயர்வகைச் செங்கல்லுக்கு இந்த வரம்பு 15 சதவீதம். வீட்டில் இருக்கும் எடைத் தராசே இந்தச் சோதனைக்குப் போதும். மூன்று கிலோ எடையுள்ள கல், மறுநாள் 3.6 கிலோவைத் தாண்டுமானால் அந்தச் சூளையின் கல் வேண்டாம் என்று துணிந்து சொல்லிவிடலாம். வரம்புக்குள் இருக்கும் கல்லையும் காய்ந்தபடியே வைத்துக் கட்டக்கூடாது. காய்ந்த கல், தன்மேல் பரப்பிய கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால், சிமெண்டு இறுகுவதற்குத் தண்ணீர் இல்லாமல் கலவை வெறும் பொடியாக நின்றுவிடும். பழைய சுவரை இடிக்கும்போது, சில இடங்களில் கல் முழுதாகவும் கலவை விரலால் சுரண்டினாலே உதிர்வதாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கட்டுவதற்கு முன் கல்லைத் தொட்டியில் ஊறவைத்து, மேற்பரப்பில் தண்ணீர் சொட்டாத நிலையில் எடுத்து வைப்பதே சரியான முறை. லாரியிலிருந்து இறக்கிய குவியலின்மேல் ஹோஸ் பைப்பால் சற்று நேரம் தண்ணீர் அடிப்பதை ஊறவைத்தல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. மேல் வரிசையைத் தவிர மற்றவை நனைவதே இல்லை.

கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதைச் சூளைதான் தீர்மானிக்கிறது. நன்றாக வெந்த கல்லில் களிமண்ணின் துகள்கள் ஓரளவு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் துளைகள் குறைகின்றன. அதனால்தான் இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்ற ஓசை வருகிறது. நகத்தால் கீறினால் தடம் விழுவதில்லை. வேகாத கல் வெளிறிய நிறத்தில் இருக்கும். தட்டினால் மந்தமான ஓசையே வரும். மண்ணிலேயே இருக்கும் இரண்டு குறைகளைச் சூளையால் சரிசெய்ய முடியாது. ஒன்று, மண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கட்டி. அது சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறி, பின்னர் சுவரில் ஈரம் பட்டதும் நீர்த்துப் பெருத்துக் கல்லின் முகத்தை வெடிக்கச் செய்யும். மற்றொன்று, தண்ணீரில் கரையும் சோடியம், மெக்னீசியம் முதலியவற்றின் சல்பேட்டு உப்புகள். கல்லுக்குள் புகுந்த தண்ணீர் உலரும்போது இந்த உப்புகளைச் சுமந்து வெளியே வந்து, உப்பை மட்டும் சுவரின் மேல் விட்டுவிட்டு ஆவியாகிவிடும். வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பெயிண்டை உரித்துத் தள்ளுவது இதுதான். இதற்குப் பெயிண்ட் கடையில் மருந்து தேடுவதைக் காட்டிலும், தண்ணீர் எந்த வழியாகச் சுவருக்குள் வருகிறது என்று தேடுவதே பயன் தரும். தரையிலிருந்து ஏறும் ஓதத்தைத் தடுக்க, அடித்தள மட்டத்தில் நீர்புகாக் கலவையாலான ஓர் அடுக்கு இடையறாமல் ஓட வேண்டும். பில்லர் வைத்துக் கட்டும் வீடுகளில் அடித்தள மட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்திரமான பிளின்த் பீம் இருப்பதால் இது தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பீமுக்கு வெளியே சுவரை ஒட்டி மண்ணை மேலேற்றி நிரப்பிவிட்டால் அந்த நம்பிக்கை ஒரே மழைக்காலத்தில் போய்விடும்.

சாம்பல் கல் எனப்படும் ஃபிளை ஆஷ் செங்கல் சூளையைக் காண்பதில்லை. நெய்வேலி, மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடி போன்ற இடங்களின் அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் சாம்பலைச் சிமெண்டு அல்லது சுண்ணாம்போடும் மணல் துகளோடும் சேர்த்து அச்சில் அழுத்தி, தண்ணீர் காட்டி இறுகவைக்கிறார்கள். அளவு பிசகாமல் இருப்பதால் பூச்சுக் கலவை மிச்சமாகும். ஆனால் இதன் வலிமை நெருப்பில் பிறக்காமல் தண்ணீரில் பிறப்பது என்பதால், அவசரமாக விற்கப்பட்ட பச்சைக் கல் சுவரில் ஏறிய பிறகு சுருங்கி விரிசல் விடும். கல் வாங்கும்போது விலையோடு, எத்தனை நாள் தண்ணீர் காட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஏஏசி கல்லின் கதை வேறு. 1920களில் சுவீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோகான் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய முறை இது. சுண்ணாம்பு, சிமெண்டு, சாம்பல் கலந்த கூழில் சிறிதளவு அலுமினியப் பொடியைச் சேர்த்தால், அது ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டுக் கூழை நுரைத்து உப்பச் செய்கிறது. பிறகு அழுத்தமான நீராவியில் வேகவைக்கிறார்கள். கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ வரைதான் எடை இருக்கும் என்பதால் உலர்ந்த ஏஏசி கல் தண்ணீரில் மிதக்கும். செங்கல்லின் எடை இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. எடை குறைவதால் பில்லருக்கும் பீமுக்கும் வரும் பாரம் குறைகிறது. காற்றறைகள் நிறைந்திருப்பதால் வெயிலின் சூடும் மெதுவாகவே உள்ளே வருகிறது. ஆனால் செங்கல்லைப் போல இதைத் தொட்டியில் ஊறவைத்தால் அத்தனை அறைகளும் தண்ணீரை ஏற்றுக்கொண்டு, பூசிய பிறகு மாதக்கணக்கில் உலர்ந்து சுருங்கும். ஆகவே மேற்பரப்பை மட்டும் லேசாக நனைத்து, இதற்கென்றே வரும் பசைக் கலவையை மெல்லியதாகப் பரப்பிக் கட்ட வேண்டும். செங்கல்லுக்குப் பழகிய கொத்தனாரை ஏஏசி சுவரில் ஏற்றிவிட்டு, பின்னால் விரிசலுக்குக் கல்லைக் குறை சொல்வது நியாயமாகாது. குளியலறைச் சுவருக்கு மட்டும் நான் இன்றும் செங்கல்லையே பரிந்துரைக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீடு கட்டுபவர்களுக்கு, லேட்டரைட் எனப்படும் வெட்டுகல் இருக்கிறது. நிலத்தடியில் ஈரமாக இருக்கும்போது கோடரியால் செதுக்கும் அளவுக்கு மென்மையாக இருந்து, வெட்டி வெளியே எடுத்து உலர்ந்தபின் இறுகும் விந்தையான கல் இது. மலப்புறம் பகுதியின் அங்காடிப்புரத்தில் இதைக் கண்ட ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியிட்ட பயணக் குறிப்பில் விவரித்த பிறகே உலகின் மண்ணியல் நூல்களில் இதற்கு இடம் கிடைத்தது.

இனி சிமெண்டு. தண்ணீரோடு இதற்கிருக்கும் உறவுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. வேலைத்தலத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கல்லில் பதிந்திருக்கும் சிப்பிகளும், அம்மோனைட்டு என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்களும் தெரிந்திருக்கும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தச் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரை, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். செய்முறை அதன்பின் வெகுவாக மாறிவிட்டாலும் அந்தப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து, தண்ணீரைத் தன் உடலிலேயே கட்டிக்கொண்டு இறுகுகிறது. சிமெண்டு காய்வதற்காகத்தான் விட்டுவைக்கிறோம் என்ற எண்ணம் மறைந்தாலே பாதிக் குறைகள் மறையும். இந்த வினைக்குச் சிமெண்டின் எடையில் ஏறத்தாழ 23 சதவீதத் தண்ணீர் வேண்டும். அதாவது 50 கிலோ மூட்டைக்குப் பன்னிரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அவ்வளவு தண்ணீரில் கலவையைக் கிளறவே முடியாது. வினையில் விளையும் பசைக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். ஆகவே கூடுதலாக ஊற்றுகிறோம். அந்தக் கூடுதலில் தேவைக்கு மிஞ்சியது, கான்கிரீட் இறுகிய பிறகு ஆவியாகி, தான் இருந்த இடங்களை நுண்ணிய துளைகளாக விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகளின் வழியாகத்தான் பின்னர் மழைத்தண்ணீரும் உப்பும் காற்றும் கம்பியைத் தேடி வருகின்றன. கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிப்பது முதன்மையாக இந்தத் தண்ணீர், சிமெண்டு விகிதமே என்பதை 1918இல் அமெரிக்காவின் டஃப் ஏப்ராம்ஸ் நிறுவினார். நம் நாட்டின் ஐ.எஸ். 456, கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு, சாதாரணச் சூழலில் 0.55, நடுத்தரச் சூழலில் 0.50, கடலோரம் போன்ற கடுமையான சூழலில் 0.45 என்று அதன் உச்சவரம்பை வகுத்திருக்கிறது. மூட்டைக் கணக்கில் சொன்னால் 27.5, 25, 22.5 லிட்டர். மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும்.

தளம் போடும் நாளில் மிக்ஸர் மெஷின் அருகே நின்றால், "இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்க" என்ற குரல் ஓயாமல் கேட்கும். கலவை இளகினால் சட்டியில் அள்ளவும் பரப்பவும் எளிது. வேலை செய்கிறவர்களின் தோள்வலியை நினைத்தால் அந்தக் கோரிக்கையைக் குறைகூற எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு விடை, தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற வேதிப்பொருளும், கெட்டியான கலவையையும் மூலை முடுக்குகளில் இறக்கிவிடும் வைப்ரேட்டரும்தான். இவற்றுக்கான செலவு, தளத்தின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு.

சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டான ஓபிசியில் வரும் 43, 53 என்னும் எண்கள், 28 நாள் ஆன சோதனைக் கட்டி தாங்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று குறிக்கின்றன. 53 என்றால் வீடு அதிக நாள் நிற்கும் என்று பொருளில்லை. அது விரைவாக வலுவடைந்து, அதிக வெப்பத்தை வெளியிடும் சிமெண்டு. 15 முதல் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ் கலந்த பிபிசி மெதுவாக வலுவடையும். ஆனால் அதன் சாம்பல், சிமெண்டு வினையில் வெளிப்படும் சுண்ணாம்போடு பிறகு சேர்ந்து துளைகளை அடைத்துக்கொண்டே வரும். நம் வெயிலுக்கும் நம் மழைக்கும் சாதாரண வீட்டுக்கு பிபிசியே ஏற்றது என்பது என் துணிபு. அதற்குரிய விலை பொறுமை. வெப்பமும் வறட்சியும் மிகுந்த சூழலில் ஓபிசி கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாளும், பிபிசி போன்ற கலப்புச் சிமெண்டு கான்கிரீட்டை 14 நாளும் ஈரமாகவே வைத்திருக்கப் பரிந்துரை இருக்கிறது. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பில்லருக்குத்தான் அநியாயம் நடக்கிறது: காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், சித்திரை வெயிலில் அந்த ஈரம் அரைமணி நேரம்கூட நிற்பதில்லை. ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டி, அது காயாமல் பார்த்துக்கொள்வதே வழி. மூட்டைச் சிமெண்டும் காற்றின் ஈரத்தோடு இதே வினையைத் தொடங்கிவிடும். மூட்டையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்கி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்க வேண்டும்; மூன்று மாதத்துக்கு மேலான சிமெண்டைச் சோதிக்காமல் கான்கிரீட்டில் சேர்க்கக்கூடாது.

மணல் தண்ணீரோடு வினைபுரிவதில்லை. ஆனால் தண்ணீரால் நம்மை ஏமாற்றும். ஈரமணலில் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்படலம் நின்று, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைக்கிறது. ஏறத்தாழ 5 சதவீத ஈரத்திலேயே மணலின் கன அளவு 20 முதல் 30 சதவீதம் வரை பெருகிவிடும். முழுதும் தண்ணீரில் மூழ்கினால் படலம் உடைந்து, மணல் மீண்டும் பழைய அளவுக்குப் படிந்துவிடும். இதில் இரண்டு இழப்புகள் இருக்கின்றன. நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட் மணலை 25 சதவீதம் உப்பிய நிலையில் வாங்கினால், வாங்கியவருக்கு உண்மையில் கிடைப்பது 80 கன அடி. அது பணத்தோடு முடிகிற இழப்பு. மற்றொன்று கலவையில் வருவது: ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல் என்று அளந்து போடும்போது, போய்ச் சேர்வது 1.2 பெட்டி மணலே. ஜல்லிகளுக்கு இடையேயுள்ள வெளியை நிரப்ப மணல் போதாமல் கான்கிரீட் தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாக நிற்கும். உயரமான கண்ணாடிக் குப்பியில் ஈரமணலை நிரப்பி அளந்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் படியவிட்டு மறுபடி அளந்தால் உப்பல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதே குப்பியைச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால் மணலின்மேல் வண்டல் தனி அடுக்காகப் படிவதையும் காணலாம். வண்டல் சிமெண்டை மணலோடு ஒட்டவிடாது. தண்ணீரையும் மிகுதியாகக் கேட்கும்.

காவிரி, பாலாறு, தென்பெண்ணை ஆற்றுமணலைப் பற்றிப் பழைய கொத்தனார்கள் ஏக்கத்தோடு பேசுவதுண்டு. ஆறுகள் இழந்தவற்றைப் பார்க்கும்போது, செயற்கை மணலான எம்-சாண்டுக்கு மாறியதில் எனக்கு வருத்தமில்லை. மணலுக்கும் ஜல்லிக்குமான ஐ.எஸ். 383இன் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதற்கு முறையான இடம் கிடைத்திருக்கிறது. கருங்கல்லைப் படிப்படியாக உடைத்து, கடைசியில் கல்லைக் கல்லோடு மோதவிட்டு முனை மழுக்கி, தண்ணீரில் கழுவித் தூளை நீக்கினால்தான் அது எம்-சாண்டு. ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கிரஷர் தூசியை அந்தப் பெயரில் கொட்டிவிட்டுப் போகும் லாரிகளும் உண்டு. கையில் ஒரு பிடி அள்ளி நீரில் அலசினால், நீர் பால்போல் வெளுத்து நெடுநேரம் தெளியாமல் நிற்பதைக் கொண்டே அதைக் கண்டுகொள்ளலாம். பூச்சு வேலைக்கு எம்-சாண்டைச் சலித்துப் பயன்படுத்துவதைவிட, அதற்கென்றே பொடியாக வரும் பி-சாண்டை வாங்குவது மேல். கடற்கரை மணலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதிலிருக்கும் குளோரைடு என்ன செய்யும் என்பதைக் கம்பியைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஜல்லியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. நம் கருங்கல் மிகக் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். சென்னையைச் சுற்றி உடைக்கப்பட்ட நீலநிறக் கல்லின் பெருமை ஒன்றை மட்டும் சொல்லலாம்: கொல்கத்தாவில் 1690களில் இறந்த, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடத்திய பலகை பல்லாவரம் பகுதியின் கல்லே. 1893இல் அதை ஆராய்ந்த மண்ணியலாளர் தாமஸ் ஹாலந்து, அந்தப் பாறைவகைக்கே சார்னோக்கைட் என்று பெயரிட்டார். வேலைத்தலத்தில் பார்க்க வேண்டியது, முக்கால் இஞ்ச் ஜல்லியில் தட்டைக் கற்களும் ஒட்டிய தூளும் அதிகமாக இல்லாமல் இருப்பதே.

முறுக்குக் கம்பி என்று நாம் இன்றும் சொன்னாலும், இப்போது வரும் டிஎம்டி கம்பி முறுக்கப்படுவதில்லை. உருளைகளிலிருந்து செக்கச்செவேலென்று வெளிவரும் கம்பியின்மேல் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுகிறார்கள். வெளித்தோல் சட்டெனக் குளிர்ந்து கடினமாகிறது. உள்ளே தங்கிய வெப்பம் அந்தத் தோலைச் சற்றுப் பதப்படுத்துகிறது. நடுப்பகுதி மெதுவாகக் குளிர்ந்து, வளையும் தன்மையோடு நிற்கிறது. தனக்கு வலிமை தந்த தண்ணீருக்கே பிறகு வாழ்நாள் முழுவதும் அஞ்சி இருக்க வேண்டிய பொருள் இது. கம்பியின் தரத்தைக் குறிக்கும் எஃப்இ 500 என்பதில் வரும் எண், சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரை நிலையான நீட்சி அடையாது என்பதைக் குறிக்கிறது. அதனோடு டி என்ற எழுத்து சேர்ந்தால், அறுபடுவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீளும் கம்பி அது. டி இல்லாத 500க்கு 12 சதவீதம்தான். நிலநடுக்கத்தில் உயிரைக் காப்பது இந்த நீளும் தன்மையே என்பதால், எண்ணைக் கூட்டுவதைவிட டி என்ற எழுத்தைப் பார்த்து வாங்குவது அறிவுடைமை. எடையைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ.

கான்கிரீட்டும் இரும்பும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவது இக்கூட்டணியின் முதல் நற்பேறு. அடுத்தது, புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை. அதன் பிஎச் 12.5க்கு மேல் இருப்பதால் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி, தண்ணீர் பட்டாலும் துரு ஏறாமல் தடுக்கிறது. இந்தக் காப்பை இருவர் உடைக்கலாம். காற்றிலுள்ள கரியமில வாயு துளைகள் வழியாக மெல்ல நுழைந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அல்லது குளோரைடு உப்பு, காரம் இருக்கும்போதே படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். துரு, அது உருவான இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து, தளத்தின் அடிப்பகுதியைப் பாளம் பாளமாக உதிரச் செய்கிறது. இந்த இருவரையும் தாமதப்படுத்துவது, கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் அடர்த்தியும் கனமுமே. சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., கடலோரத்தின் கடுமையான சூழலில் 45 மி.மீ., பில்லருக்குக் குறைந்தது 40, அடித்தளத்துக்கு 50 என்பது ஐ.எஸ். 456 தரும் அளவு. கம்பிக்கடியில் உடைந்த ஜல்லியைச் செருகிவிட்டு, கான்கிரீட் போடும்போது அதை மிதித்துக்கொண்டே நடந்தால் இந்த அளவுகள் காகிதத்தில்தான் இருக்கும். தேவையான கனத்தில் வார்த்த கவர் பிளாக்குகளைக் கட்டிவைக்கக் கேட்பதற்கு வீட்டுக்காரர் தயங்கவே கூடாது. கம்பியின்மேல் லேசாகப் படர்ந்த செந்நிறத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. செதிலாக உரியும் துருவைத் தேய்த்து நீக்காமல் பயன்படுத்தக்கூடாது.

கலக்கும் தண்ணீரும் ஒரு கட்டுமானப் பொருள்தான். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கம்பி இல்லாததற்கு 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். பிஎச் 6க்குக் குறையக்கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிப் போர் போட்ட மனைகளில் இந்தச் சோதனையைச் செய்யாமல் வேலையைத் தொடங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆய்வகக் கட்டணம், ஒரு டேங்கர் தண்ணீரின் விலையோடு ஒப்பிடக்கூடியதுதான்.

சிமெண்டு வருவதற்கு முன் சுண்ணாம்பு இருந்தது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீர்த்து, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாக மீண்டும் கல்லாகிறது. சிமெண்டுப் பூச்சைப்போல் இது நீராவியை அடைத்து வைப்பதில்லை. சுவருக்குள் போன ஈரம் திரும்ப வெளியேற வழிவிடும். பழைய சுண்ணாம்புச் சுவர்களின்மேல் சிமெண்டு பூசியபின் உள்ளே ஓதம் கூடுவதற்கு இதுவே காரணம். அக்காலத்து மெட்ராஸ் டெரஸில், தேக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன் வாரிசாகத்தான் இன்றும் கான்கிரீட் தளத்தின்மேல் 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு என்ற கணக்கில், வெயிலிலும் மழையிலும் தளத்தைக் காக்கும் வெதரிங் கோர்ஸ் போட்டு, மேலே தட்டோடு பதிக்கும் வழக்கம் நீடிக்கிறது. அடிப்பதற்கு ஆளில்லை என்று ஜல்லியைக் கொட்டிச் சமன்செய்துவிட்டுப் போவதாக இருந்தால், அதைச் செய்யாமலே இருக்கலாம். இறுகாத ஜல்லி தண்ணீரைத் தேக்கிவைத்து ஆண்டு முழுவதும் தளத்துக்கு ஊட்டும்.

மரம் ஈரத்தில் பெருத்து, வறட்சியில் சுருங்கும். அதுவும் நார்களின் குறுக்கே மட்டும், நீளவாக்கில் ஏறத்தாழ இல்லவே இல்லை. ஐப்பசியில் இறுகும் கதவு பங்குனியில் தானாகச் சரியாவது அதனால்தான். அடைமழை நாளில் இழைப்புளி பிடிப்பது வேண்டாத வேலை. நிலைக்கு வேம்போ வேங்கையோ தேக்கோ எதுவானாலும், வைரம் பாய்ந்த நடுமரமாகவும் நன்கு உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் பகுதியைக் கரையான் முதலில் தேடி வரும்.

தரைக்கு வருவோம். கடப்பைக் கல் சுண்ணாம்புக்கல் வகை. ஆகவே அதன்மேல் எலுமிச்சையும் புளியும் சிந்தினால் மெருகு போய்விடும். அலமாரித் தட்டுக்கு அதைவிட மலிவான நல்ல பொருள் இல்லை. அடுப்பு மேடைக்குக் கிரானைட்டே ஏற்றது. பளிங்குக்கும் அமிலத்திடம் அதே பலவீனம்தான். டைல்ஸில், சுவருக்கான செராமிக் வகை பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைடு வகை அரை சதவீதம்கூடக் குடிக்காது. ஆகவே முன்னதைச் சிமெண்டில் ஒட்டுவதானால் தண்ணீரில் ஊறவைத்தே ஒட்ட வேண்டும். பின்னதை ஊறவைத்துப் பயனில்லை. சிமெண்டுப் பால் அதற்குள் இறங்காது என்பதால், டைல் பசையில்தான் ஒட்ட வேண்டும். எந்த டைலாக இருந்தாலும், குளியலறையில் தண்ணீரை நிறுத்துவது டைல் இல்லை. அதன் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் கீழே போய்க்கொண்டுதான் இருக்கும். தாழ்த்தி வார்த்த தளத்தின்மேல் நீர்புகாப் பூச்சை அடித்து, சுவரிலும் ஓரடி உயரத்துக்கு அதை ஏற்றி, குழாய் நுழையும் இடங்களை அடைத்த பிறகு, வடிகாலை மூடி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டு உட்கூரையில் ஈரம் தெரியாவிட்டால் மட்டுமே டைல்ஸ் வேலைக்கு ஆளைக் கூப்பிடலாம்.